கள்ளும் காலமும்

மாந்தர் ஆக்கும் உணவுப் பொருள்களுள் காலத்தால் சிறப்பன சில. காலத்தால் கெடுவன பல. ஊறுகாய் நாள்பட நாள்படச் சுவை ஏறும். வடித்த சோறோ மறுநாளே புளிக்கும். மது வகைகளிலும் இவ்விரு பிரிவுகள் உண்டு. திராட்சைச் சாற்றினின்று ஆக்கப்படும் மது, முறையாக அடைத்து வைக்கப்படின் ஆண்டுக்கணக்கில் இருந்து பக்குவம் அடையும். தென்னையினின்று இறக்கப்படும் கள், காலையில் இறங்கி, மாலையில் முற்றி, மறுநாள் காடியாகிவிடும்.

இவ்வேறுபாடு இயற்கையின் செயல். ஆயினும், மலாயாத் தோட்டத் தமிழரின் வாழ்வில் அது சிறிய விளைவை உண்டாக்கவில்லை. பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் பல்லாண்டுக் காலம் நிலைபெற்றிருந்த கள்ளுக்கடையின் வரலாற்றை, கள்ளின் இவ்வியல்பை நீக்கிவிட்டுப் புரிந்துகொள்ளுதல் அரிது. கடை ஏன் தோட்டத்திற்குள்ளேயே இருந்தது, தொழிலாளி ஏன் அன்றாடக் கூலியை அன்றாடமே அங்குச் செலவிட்டான், கள்ளுக்குப் பின் சம்சு ஏன் அத்துணை எளிதில் இடம்பிடித்தது என்னும் வினாக்கள் அனைத்திற்கும் விடை அங்கிருந்தே தொடங்குகின்றது.

பண்டைத் தமிழரின் இல்லத்து மது

மதுவை வீட்டிலே ஆக்கி, பக்குவம் வரும்வரை காத்திருந்து பருகும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் மது ஆக்கப்படும் முறை படிப்படியாகச் சொல்லப்படுகின்றது. அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் இட்டு ஆற்றுவர். அதனோடு நெல்முளையை இடித்துக் கலப்பர். வலிய வாயையுடைய சாடியில் இரு பகலும் இரு இரவும் வைத்துப் பச்சை வாடை நீங்கும்வரை விளையவிட்டு, பின்னர் விரலால் அலைத்துப் பிழிந்து எடுப்பர். முளைவிட்ட தானியத்தில் உள்ள நொதிப்பொருள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும். அச்சர்க்கரையை நுண்ணுயிர் மதுவாக மாற்றும். இன்று பார்லியைக் கொண்டு பீர் வடிக்கும் ஆலைகளும் இவ்வழியையே பின்பற்றுகின்றன. தமிழகத்து மீனவர் குடிலில் அது அடுக்களைத் தொழிலாக இருந்தது.

மதுவை முதிரவிடும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. கபிலர் பாரியின் பறம்பு நாட்டைப் பாடிய புறநானூற்றுப் பாடலில் நிலத்திற் புதைத்து முதிரவைத்த தேறல் இடம்பெறுகின்றது. மலைவாழ் மக்கள் மூங்கிற் குழாயில் அடைத்து விளைவித்த தேறலைப் புறநானூறும் மலைபடுகடாமும் குறிக்கின்றன. மண்ணுக்கடியில் வெப்பம் ஏறி இறங்குவதில்லை. காற்றும் ஒளியும் புகுவதில்லை. மது முதிர்வதற்கு வேண்டுவன இவையே என்பதை அம்மக்கள் பட்டறிவால் கண்டிருந்தனர்.

கடல் கடந்து வந்த மதுவும் இருந்தது. யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த நறுமண மதுவைப் பாண்டியன் நன்மாறன் பருகியதாக நக்கீரர் பாடுகின்றார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் ரோமானியரின் இருகாதுச் சாடிகளின் ஓடுகள் வெளிப்பட்டன. மது நிரப்பி வந்த அச்சாடிகள், திங்கள் பலவாகும் கப்பற் பயணத்தைக் கடந்து வந்தவை. கெடாது நிற்கும் மது மட்டுமே அவ்வாறு வரவியலும். அதே கரையில் விளைந்த பனங்கள்ளும் தென்னங்கள்ளும் அடுத்த துறைமுகத்தையும் எட்டியிருக்க இயலாது.

இவ்வளவு மது வகைகளையும் அறிந்த இனத்தின் பேரறநூலாகிய திருக்குறள், கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரமே வகுத்தது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. இன்பமும் எச்சரிக்கையும் தமிழ் மரபில் ஒருங்கே இருந்தன.

திராட்சை மது முதிர்வது எங்ஙனம்?

திராட்சை மது நெடுநாள் நிற்பதற்குக் காரணங்கள் மூன்று. அதில் மதுசாரம் நூற்றுக்கு 12 அளவில் உள்ளது. பழத்தின் புளிப்பு நுண்ணுயிர்களை அடக்குகின்றது. தோலிலும் விதையிலுமிருந்து இறங்கும் துவர்ப்புப் பொருள் மதுவைக் காக்கின்றது. நாளடைவில் அத்துவர்ப்பே மென்மையாகிச் சுவையாக மாறுகின்றது. காற்றுப் பட்டால் மட்டும் அதுவும் காடியாகிவிடும். பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் இவ்வுண்மைகளை ஆய்ந்து, திராட்சை மது பற்றிய தம் நூலை 1866-இல் வெளியிட்டார். மதுவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரும் அதனைக் கெடுக்கும் நுண்ணுயிரும் வேறு வேறு என்பதும், மெல்லிய சூட்டால் பின்னதை ஒழிக்கலாம் என்பதும் அவர் காட்டிய முடிவுகள்.

இவ்வறிவு இன்று மேலைநாட்டு இல்லங்களிலும் புகுந்துள்ளது. செறிவூட்டிய திராட்சைச் சாறு, ஈஸ்ட், தெளிவிக்கும் களிமண் தூள், கெடாது காக்கும் கந்தகச் சேர்மம் ஆகியவற்றை ஒரே பெட்டியில் அடைத்து விற்கின்றனர். அதை வாங்குவோர் நீர் சேர்த்து 23 லிட்டர் மதுவை ஆக்கி, 30 போத்தல்களில் நிரப்புகின்றனர். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தபோது, உலர்த்தி அழுத்திய திராட்சைக் கட்டிகள் விற்கப்பட்டன. இக்கட்டியை நீரிற் கரைத்து மூடிவைத்தால் மதுவாகிவிடும், ஆதலின் அவ்வாறு செய்யற்க என்னும் எச்சரிக்கையையே விற்பனையாளர் செய்முறை விளக்கமாகப் பயன்படுத்தினர். பிரிட்டனில் வீட்டில் பீர் வடிப்பதற்கு வேண்டியிருந்த உரிமம் 1963-இல் நீக்கப்பட்டது. அதன்பின் இத்தகைய பெட்டிகளின் வணிகம் பெருகியது.

இத்தொழிலில் ஈடுபடுவோர் கவனிக்கும் செய்திகள் இரண்டு. முதலாவது தெரிவு. மென்மையான வெள்ளை மதுவாயின் ஓராண்டுக்குள் பருகிவிட வேண்டும். துவர்ப்பு மிக்க சிவப்பு மதுவாயின் ஓராண்டோ ஈராண்டோ பொறுத்திருக்கலாம். சாறு மிகுந்த பெட்டியினின்று ஆக்கிய மது, செறிவுக் குழம்பு மிகுந்ததைவிட நெடுநாள் நிற்கும். இரண்டாவது காத்திருத்தல். போத்தல்களைக் குளிர்ந்த இருளிடத்தில், தக்கை நனையுமாறு கிடத்தி வைப்பர். மூன்றாம் திங்களில் ஒன்று, ஆறாம் திங்களில் ஒன்று, ஆண்டு நிறைவில் ஒன்று எனத் திறந்து சுவைத்து, மது எந்நிலையில் உள்ளது என்று அறிவர். 15 பாகைக்கு உட்பட்ட குளிர்ச்சி அதற்கு ஏற்றது. நண்பகலில் 30 பாகையைக் கடக்கும் ஈப்போ நகரத்து வெப்பத்தில், குளிரூட்டும் ஏற்பாடு இன்றி இம்மது விரைவில் மூப்படைந்து கெடும். அன்றியும், மலேசியாவில் மது ஆக்கவும் கள் இறக்கவும் உரிமம் வேண்டும். 1976 ஆம் ஆண்டுக் கலால் சட்டம் அதனை வகுத்துள்ளது.

தெரிந்தெடுத்தல், காத்திருத்தல், அளவறிந்து பருகுதல் ஆகிய மூன்றும் திராட்சை மது கற்பித்த பழக்கங்கள் எனலாம். இம்மூன்றனுள் முதலிரண்டுக்கும் தோட்டத்துக் கள்ளில் இடமே இருந்ததில்லை.

தென்னங்கள்ளின் இயல்பு

தென்னையின் விரியாத பாளையை நாரால் இறுகக் கட்டி, மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியை நாள்தோறும் காலையும் மாலையும் மெல்லிய சீவலாகச் சீவுவர். சொட்டும் நீர் பாளையில் மாட்டிய கலயத்தில் சேரும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது புளிக்காது. இனிய பதநீராக நிற்கும். சுண்ணாம்பு இல்லையேல் இறங்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு வரை சர்க்கரை உள்ள அந்நீரில், காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட்டும் பிற நுண்ணுயிர்களும் சில மணி நேரத்தில் நூற்றுக்கு 4 முதல் 6 பங்கு மதுசாரத்தை விளைவிக்கின்றன. மேலும் ஒரு நாள் சென்றால் காடி நுண்ணுயிர் மேலோங்கி, பருகவொண்ணாப் புளிப்பாக்கிவிடும். தென்னங்காடி ஆக்குவோர் வேண்டுமென்றே இந்நிலைக்கு விடுவதும் உண்டு.

ரப்பர் மரம் சீவும் தொழிலாளிக்கு இவையெல்லாம் வியப்பளிப்பன அல்ல. அவனும் விடியற்காலையில் மெல்லிய சீவலாகப் பட்டையைச் சீவி, மங்கில் பால் சேர்ப்பவன். அப்பாலும் நேரம் தாழ்ந்தால் உறைந்துவிடும். அதனைக் காக்க அம்மோனியா சேர்க்க வேண்டும். கள்ளுக்குச் சுண்ணாம்பு எவ்வாறோ, பாலுக்கு அம்மோனியா அவ்வாறு. ஆனால் தோட்ட நிருவாகம் ரப்பர்ப் பாலைக் காத்துக் கடல் கடந்த சந்தைக்கு அனுப்பியது. கள்ளைக் காக்க வேண்டிய தேவை எவர்க்கும் இல்லை. அன்றைய கள் அன்றே விற்றுத் தீர்ந்தது.

தென்னங்கள்ளையும் நெடுநாள் நிறுத்தும் வழி ஒன்று உண்டு. அதைக் காய்ச்சி வடித்தல் வேண்டும். இலங்கையில் தென்னங்கள்ளை வடித்து எடுத்த சாராயத்தை ஹல்மில்ல மரத் தொட்டிகளில் ஆண்டுக்கணக்கில் முதிரவைத்து விற்கின்றனர். அம்மரத்திற்குத் திருகோணமலை மரம் என்னும் பெயரும் உண்டு. அது பெருமுதலும் ஆலையும் வேண்டும் தொழில். பேராக் தோட்டத்தில் கிடைத்ததோ கலயத்திலிருந்து நேரே வாளிக்கும், வாளியிலிருந்து குவளைக்கும் வந்த கள் மட்டுமே.

தோட்டமும் கள்ளுக்கடையும்

1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளுள் ஒன்பது, பேராக்கின் பிரிட்டிஷ் ஆட்சிப் பேராளர் ஹியூ லோவின் முயற்சியால் கோலகங்சாரில் நடப்பட்டன. அடுத்த முப்பது ஆண்டுகளில் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், பாரிட் புந்தார், தெலுக் ஆன்சன் என மாநிலமெங்கும் தோட்டங்கள் தோன்றின. 1906-இல் டென்மார்க் நாட்டுப் பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் ஜெண்டராத்தாத் தோட்டத்தைத் தொடங்கினார். கங்காணிகள் வழியாகத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தனர்.

வந்தவர்க்குக் கள் புதியதன்று. உரிமம் பெற்ற கள்ளுக்கடையும் புதியதன்று. சென்னை மாகாணத்தில் 1886 ஆம் ஆண்டு ஆயத்தீர்வைச் சட்டம் கள்ளிறக்குவதையும் விற்பதையும் அரசின் வருவாயாக்கியிருந்தது. பேராக்கிலும் 19 ஆம் நூற்றாண்டில் அபினி, சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் வரியைக் குத்தகைக்கு விடும் முறை நிலவியது. இவ்விரு வழக்கங்களும் ரப்பர்த் தோட்டத்தில் ஒன்றாகச் சேர்ந்தன.

பேராக்கின் கடலோரமாகிய பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங் பகுதிகள் தென்னை வளம் உடையன. உள்நாட்டுத் தோட்டங்களிலோ ரப்பரே நிறைந்திருந்தது. அங்குக் கள்ளுக்காகவே சில தென்னைகளை நட்டு வளர்ப்பதும் உண்டு. எவ்வாறாயினும், இறக்கிய கள் சில மணி நேரத்தில் தொழிலாளியை அடைந்தாக வேண்டும். தொழிலாளி நகரத்துக்குச் சென்று அருந்துவதாயின் பணிநேரம் கெடும். ஆகவே கடை தோட்டத்திற்குள்ளேயே அமைந்தது; உரிமம் தோட்ட நிருவாகத்தின் கையில் இருந்தது. கடையின் ஆதாயம் தொழிலாளர் நலனுக்குச் செலவிடப்பட வேண்டும் என்பது விதி. கோயில் திருவிழாவுக்கும் விளையாட்டுக்கும் அப்பணம் பயன்பட்டதுண்டு. தொழிலாளியின் கூலியில் ஒரு பகுதி கள்ளுக்கடை வழியாகத் திரும்பி வந்து, துரை அளித்த கொடையாகத் திருவிழாவில் காட்சியளித்தது.

நாளின் ஒழுங்கும் இதற்கு ஏற்றவாறே இருந்தது. விடியுமுன் பெரட்டு. விடிந்ததும் மரம் சீவுதல். நண்பகலுக்குள் பால் எடுத்து அளந்து ஒப்படைத்தல். காலையில் இறக்கிய கள் பிற்பகலில் பருகும் பக்குவத்தை அடையும். தொழிலாளி ஓய்வு பெறும் நேரமும் அதுவே. லயத்து வீட்டுக்குச் செல்லும் வழியில் கடை திறந்திருக்கும். நாளை பார்ப்போம் என ஒரு குவளையை எடுத்து வைக்கவியலாது. வாங்கியதை அங்கேயே, அப்போதே குடித்து முடிக்க வேண்டும். பலர் கூடிய இடத்தில் விரைந்து குடிக்கும் பழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

1928-இல் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு வரையறுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைந்தது. இக்கூலியில் அரிசி, உப்பு, துணி, ஊருக்கு அனுப்பும் பணம் ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும். அதனுள்ளும் கள்ளுக்கு ஒரு பங்கு போயிற்று. அந்தப் பங்கின் சுமை பெரும்பாலும் மனைவியின் அடுப்படியிலேயே விழுந்தது.

முதலாளிகள் தரப்பிலும் ஒரு வாதம் இருந்தது. கள் கலப்பற்றது, ஈஸ்ட்டின் பயனால் உடலுக்கு வேண்டிய பி உயிர்ச்சத்து அதில் உண்டு, கடையை மூடினால் தொழிலாளர் கள்ளச் சம்சுவை நாடிக் கெடுவர் என்றனர். இவ்வாதத்தில் உண்மை அறவே இல்லை என்று தள்ளவியலாது. உயிர்ச்சத்து இருந்தது மெய். சம்சுவின் அச்சமும் மெய். ஆயினும் உடலுக்கு வலிமை தருவதற்குக் கூலியை உயர்த்துதல், பால், பருப்பு, காய்கறி கிடைக்கச் செய்தல் முதலிய வேறு வழிகளும் இருந்தன. கள்ளே உணவு என்று சொன்னோர் அவ்வழிகளைப் பெரிதும் பேசவில்லை.

இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது தோட்டத் தமிழ்ப் பள்ளியின் நிலை. 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரேனும் உள்ள தோட்டத்தில் பள்ளி அமைய வேண்டும் என்பது 1912 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தந்த ஏற்பாடு. பள்ளி சட்டத்தின் வற்புறுத்தலால் வந்தது. பல இடங்களில் ஒரே அறையும் ஒரே ஆசிரியருமாக அது நடந்தது. கள்ளுக்கடைக்கு அத்தகைய வற்புறுத்தல் தேவைப்படவில்லை. ஒரே தோட்டத்துப் பிள்ளை காலையில் பள்ளிக்கும், மாலையில் தந்தையை அழைத்து வரக் கடைக்கும் சென்ற காலம் அது.

எதிர்ப்பு எழுந்த வரலாறு

கள்ளுக்கு எதிரான குரல் தமிழகத்திலிருந்தும் மலாயாவிலிருந்தும் எழுந்தது. ஒத்துழையாமை இயக்கக் காலத்தில், 1921-இல், ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் பெரியார் ஈ.வெ.இராமசாமியும் அவர்தம் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் ஈடுபட்டனர். தமக்குரிய தோப்பில் இருந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தென்னைகளைப் பெரியார் வெட்டி வீழ்த்தியமை அந்நாளில் பெரிதும் பேசப்பட்டது. அவரே 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து, ஈப்போவில் கூடிய மலாயாத் தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டார். அதன்பின் எழுந்த தமிழர் சீர்திருத்தச் சங்கங்கள் குடிவிலக்கைத் தம் கொள்கைகளுள் ஒன்றாக ஏற்றன. 1937 அக்டோபர் முதல் நாள் இராசாசியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தபோது, சேலத்திலிருந்து வந்து பேராக்கில் மரம் சீவியோர்க்கு ஒரு விந்தை நிலை ஏற்பட்டது. சொந்த ஊரில் மூடப்பட்ட கடை, குடியேறிய இடத்தில் திறந்திருந்தது.

1936-இல் தோன்றிய மலாயா மத்திய இந்தியர் சங்கமும் தோட்டக் கள்ளுக்கடைகளை எதிர்த்தது. இக்கோரிக்கை சங்க மேடையிலிருந்து தொழிலாளர் நாவுக்கு வந்தது 1941-இல். சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் அவ்வாண்டு பெருவேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் தலைமையில் எழுந்த அதன் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வு, பிள்ளைகட்குக் கல்வி, மருத்துவ வசதி, பெண்களுக்குப் பாதுகாப்பு, துரைமார் எதிரில் சைக்கிளிலிருந்து இறங்கும் கட்டாயம் நீங்குதல் ஆகியவற்றோடு, கள்ளுக்கடைகளை மூடுதலும் இடம்பெற்றது. குடிப்போர் எனப் பழிக்கப்பட்டவர்களே கடையை மூடுமாறு கேட்டனர் என்பது வரலாற்றில் அழுத்தமாகப் பதிய வேண்டிய செய்தி. அரசு படையை ஏவியது, உயிர்கள் பலியாயின, நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

போருக்குப் பின் அவ்வுணர்வு கெடாவில் வெளிப்பட்டது. இந்திய தேசிய இராணுவம் ஊட்டிய ஒழுங்கும் தன்மதிப்பும் தோட்ட இளைஞரிடம் எஞ்சியிருந்தன. பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பார் தொண்டர் படையை அமைத்தார். அணிவகுப்பு, குடிவிலக்கு, கள்ளுக்கடை மறியல் என்பன அதன் பணிகள். 1947-இன் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலைத் தொடர்ந்து காவல் படையோடு மோதல் ஏற்பட்டது. தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். பலர் சிறை சென்றனர். ஒரு குவளைக் கள்ளை மறுத்ததற்கு அக்காலத் தொழிலாளர் கொடுத்த விலை அது.

சம்சுவின் வருகை

கள்ளுக்கடை ஒரு நாளில் மறையவில்லை. 1948-இல் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த கொலைகளைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தொழிற்சங்க வாழ்வே முடங்கியது. விடுதலைக்குப் பின் தோட்டத் துண்டாடல் வந்தது. ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது. தோட்டம் குறையக் குறையத் தோட்டக் கள்ளுக்கடையும் குறைந்தது. ஆனால் குடிப்பழக்கம் தோட்டத்தோடு நின்றுவிடவில்லை. ஈப்போவின் புந்தோங் முதலிய புறநகர்ப் பகுதிகளுக்கும் புறம்போக்குக் குடிசைகளுக்கும் அது உடன் வந்தது.

அப்பழக்கம் தேடிய இடத்தில் சம்சு இருந்தது. அரிசி முதலியவற்றைப் புளிக்கவைத்துக் காய்ச்சி வடிக்கும் இம்மது சீனரின் வழக்கிலிருந்து வந்தது; கள்ளைப் போலப் பலமடங்கு கடுமையுடையது. எல்லாவற்றினும் மேலாக, அது கெடாது. மரமும் ஏறுவோரும் வேண்டா; நேர வரையறையும் வேண்டா. சிறு போத்தலில் அடைத்து, மளிகைக் கடையின் அடுக்கில் ஆண்டு முழுதும் வைக்கலாம். உடலுக்கு நலந்தரும் மருந்து என்னும் போர்வையில் விற்கப்பட்ட மலிவு மதுவை எதிர்த்து, எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் நெடுங்காலம் போராடியது.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கெடாது நிற்கும் மதுவை வாங்கிய மேலைநாட்டார் அதைக் காத்திருந்து பருகக் கற்றிருந்தனர். தோட்டத் தமிழரோ கெட்டுவிடும் கள்ளை விரைந்து குடித்துப் பழகியவர்கள். நூற்றுக்கு 5 பங்கு மதுசாரம் உள்ள கள்ளை விரைந்து குடித்த அதே பழக்கத்தை, ஏறத்தாழ 40 பங்கை எட்டும் கடுமதுவின்பால் காட்டினால் விளைவது என்னவென்று சொல்ல வேண்டுவதில்லை. ஈரலும் நரம்பும் கெட்டோர், இடைவயதிலே மறைந்தோர், அவரை நம்பியிருந்த குடும்பங்கள் என அதன் கணக்கு நீள்கின்றது.

கள்ளத்தனமாக ஆக்கிய மதுவின் இடர் அதனினும் கொடிது. மெத்தனால் கலந்த மது கண்ணொளியைப் பறித்து உயிரையும் குடிக்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் அத்தகைய மதுவை அருந்திப் பலர் மாண்டனர். அவருள் அயல்நாட்டுத் தொழிலாளரும் இருந்தனர். தோட்டத்துக் கள்ளுக்கடையில் வரிசையில் நின்ற ஏழைத் தொழிலாளியின் இடத்தில் இன்று வேறு நாட்டு ஏழைத் தொழிலாளி நிற்கின்றான். மலிவாகக் கிடைப்பதையே குடிக்க வேண்டிய நிலை இருவர்க்கும் பொதுவானது.

முடிவுரை

கள்ளுக்கடை வரலாற்றைப் பேசுவோர் இரு வகையில் தவறுவதுண்டு. தொழிலாளியின் ஒழுக்கக் குறைவே அனைத்துக்கும் காரணம் என்பார் ஒரு சாரார். எல்லாப் பழியும் வெள்ளைத் துரையுடையதே என்பார் மறு சாரார். உரிமம், கூலி, கடையின் இடம், திறக்கும் நேரம் ஆகியவற்றைத் தொழிலாளி முடிவு செய்யவில்லை. எனினும் கடையை மறுக்கும் ஆற்றல் அவனிடம் இருந்தது என்பதை 1941-உம் 1947-உம் மெய்ப்பித்தன.

காத்திருக்கும் ஆற்றலும் அவனிடம் இருந்தது. பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், தோட்டத் துண்டாடலால் வீடும் வேலையும் இழக்கும் நிலையில் இருந்த மக்களிடம் சென்று, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பத்து வெள்ளி பத்து வெள்ளியாகத் தொழிலாளர் சேர்த்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அன்றாடக் கூலியை அன்றே செலவழிப்பவன் என்று எண்ணப்பட்ட தொழிலாளி, திங்கள்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி, ஆண்டுகள் பல பொறுத்திருந்து, தான் மரம் சீவிய நிலத்துக்கே பங்காளியானான். பிள்ளையைப் பள்ளியிலே தொடர்ந்து வைத்திருந்த தாய்மாரும் அத்தகைய பொறுமையையே மேற்கொண்டனர்.

தோட்டப்புறத்தில் அரும்பாடுபட்டு ஈட்டிய கூலி கள்ளாகவும் போயிற்று. நிலமாகவும் கல்வியாகவும் நின்றது. முன்னது அன்றே புளித்தது. பின்னதன் பயனைப் பேரப்பிள்ளைகள் இன்று துய்க்கின்றனர். கள்ளுக்கடை இருந்த இடங்களில் இன்று செம்பனை வளர்ந்துள்ளது. பல தோட்டங்களின் பெயர்களும் மறைந்துவருகின்றன. ஆயினும் அக்கடையின் முன் நின்று, குவளையை நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வீடு திரும்பிய பெயரறியாத் தொழிலாளர் பலர். அவரையும் சேர்த்து எழுதும்போதுதான் பேராக் தமிழரின் வரலாறு முழுமை பெறும்.